கொழிஞ்சாம்பாறையில் அம்மா வீடு, வாடகை வரவில்லை: வீட்டுக்காரருக்கும் இலவச வக்கீல் உண்டா?

மில்லுக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

எங்கள் அம்மா கேரளாவில், பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறார். நான் பொள்ளாச்சியில் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். அப்பா இருந்தபோது கட்டின ஓட்டு வீடு, அதற்குப் பின்னாடி ஒரு சின்ன தார்சு போர்ஷன். முன்பக்கம் அம்மா, பின்பக்கம் வாடகைக்கு. மாதம் 4,500 ரூபாய். இந்த வாடகையும் விதவை பென்ஷனும்தான் அம்மாவின் கைச்செலவு, மருந்து, மளிகை எல்லாம். நான் முடிந்ததைக் கொடுக்கிறேன், எனக்கும் ஸ்கூல் போகிற இரண்டு பிள்ளைகள்.

குடியிருப்பவர் கஞ்சிக்கோட்டில் ஏதோ கம்பெனியில் வேலை செய்கிறார். வந்த புதிதில் வாடகை டாண் என்று ஒன்றாம் தேதி வந்துவிடும். போன ஓணத்துக்கு அப்புறம் நின்றது நின்றதுதான். முதலில் "அடுத்த மாசம் சேர்த்துத் தந்துடறேன்ம்மா" என்றார், பிறகு அதுவும் இல்லை, அம்மாவைக் கண்டால் பைக்கைத் திருப்பிக்கொண்டு போகிறார். கரண்டு பில்லும் கட்டுவதில்லை. மீட்டர் அம்மா பெயரில் இருப்பதால் கரண்டு போர்டு (கே.எஸ்.இ.பி.) ஆள் அம்மாவைத்தான் தேடி வருகிறார், அம்மாவும் பயந்துபோய்க் கட்டிவிட்டார். கொடுத்த அட்வான்ஸ் 15,000 எப்போதோ கழிந்துவிட்டது. நான் போய்க் கேட்டதற்கு, "முடிஞ்சா கேஸ் போட்டுக்கோ" என்று ஒரே வார்த்தை.

எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. அதில் அம்மா தேதியும் தொகையும் எழுதுவார், பக்கத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். எல்லாம் தமிழில். கடைசிக் கையெழுத்துக்குக் கீழே அம்மா மாதப் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார், பக்கத்தில் ஒன்றும் இல்லை.

ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் ஆரம்பத்திலேயே கேட்ட தொகை எங்களுடைய பல மாத வாடகை. அப்புறம் கோர்ட்டில் இலவச சட்ட உதவி இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னார், அதற்கு இன்னொருத்தர் "அதெல்லாம் ஏழைகளுக்கு, குடியிருக்கிறவனுக்கு வேணா கிடைக்கும், சொத்து வெச்சிருக்கிற ஓனருக்கு எவன் தருவான்" என்கிறார். எது நிஜம்? நான் தமிழ்நாட்டு ஆதார் அட்டைக்காரன், என் சம்பளத்தையும் கணக்கில் எடுப்பார்களா? எந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போவது, கோவையா பாலக்காடா? மாமா வேறு "அவன் வேலைக்குப் போன நேரமாப் பாத்துப் பூட்டைப் போடுடா" என்று போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார்.


தேங்காய்மண்டி எழுதியது:

மாமா சொல்வதுதான் சரி தம்பி. கோர்ட்டுக்குப் போனால் உங்கள் பையன் காலத்தில்தான் தீர்ப்பு வரும். பூட்டைப் போடு, கரண்டைப் புடுங்கு, தானாக ஓடுவான். இல்லையென்றால் வீட்டை உன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதி வாங்கிக்கொண்டு நீயே ஆம்பிளையாக நின்று பேசு. வயசான அம்மாவை மதிக்க மாட்டான்.


பழைய குமாஸ்தா எழுதியது:

மேலே சொன்ன இரண்டையும் செய்யாதே தம்பி, ஏன் என்று சொல்கிறேன். நான் சித்தூர் கோர்ட்டில் (ஆந்திராச் சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்) வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பூட்டுப் போட்டுவிட்டு வந்து நின்ற வீட்டுக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி: பத்திரம் யார் பெயரில்? கரம் (நிலவரி) ரசீது யார் பெயரில் வருகிறது? இதற்குப் பதில் சொல், மிச்சத்தை எழுதுகிறேன்.


மில்லுக்காரன் எழுதியது:

பத்திரம் அம்மா பெயரில்தான் ஐயா. தாத்தா அம்மாவுக்குக் கொடுத்த இடம், அதில் அப்பா வீடு கட்டினார். கரமும் பஞ்சாயத்து வீட்டு வரியும் அம்மா பெயரில்தான் வருகிறது.


பழைய குமாஸ்தா எழுதியது:

அப்படியென்றால் உன் சம்பளத்தைப் பற்றிய கேள்வியே எழாது, அம்மாவின் வருமானத்தைப் பற்றியும் எழாது. சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் என்று 1987ஆம் வருஷச் சட்டம், நாடு முழுக்க ஒன்றுதான், கேரளாவுக்கு ஒன்று தமிழ்நாட்டுக்கு ஒன்று என்றில்லை. அதில் 12ஆம் பிரிவு யாருக்கெல்லாம் இலவச வக்கீல் என்று சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் என்று அந்தப் பட்டியலில் வருகிறவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பெண் என்ற ஒரே தகுதி போதும், உங்கள் அம்மா உள்ளே வந்துவிட்டார். இதில் எதிலும் வராதவர்களுக்குத்தான் வருமானக் கணக்கு. அது கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்குள், சுப்ரீம் கோர்ட் வழக்கு என்றால் 5 லட்சம்.

இப்போது புரிகிறதா செட்டில்மெண்ட் எழுதாதே என்று ஏன் சொன்னேன் என்று? வீடு உன் பெயருக்கு வந்தால் வழக்குப் போட வேண்டியவன் நீ, அப்போது பெண் என்ற தகுதி போய்விடும், மில் தொழிலாளி என்றோ வருமானம் வரம்புக்குள் என்றோ நீ காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அம்மாவுக்குக் கேள்வி இல்லாமல் கிடைப்பதை நீயே சிக்கலாக்கிக்கொள்வாய். பத்திரச் செலவு வேறு தண்டம்.

"ஓனருக்குத் தர மாட்டார்கள்" என்பது டீக்கடைச் சட்டம். 12ஆம் பிரிவில் ஓனர், குடித்தனக்காரர் என்ற பேச்சே இல்லை, வழக்குப் போடுகிறவருக்கும் உண்டு, எதிர்த்து நிற்கிறவருக்கும் உண்டு. சொத்து இருக்கிறதா என்று கேட்கவில்லை, வருமானம்தான் கேட்கிறது, அதுவும் உங்கள் விஷயத்தில் கேட்காது. அடுத்த பிரிவு ஒன்று இருக்கிறது: மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கில் சாரம் இருக்கிறது என்று சட்ட உதவி தருகிற கமிட்டிக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் வாடகை வரவில்லை, கையெழுத்துப் போட்ட நோட்டு இருக்கிறது, இதைவிட என்ன சாரம் வேண்டும்.

கோர்ட் எது என்றால் கட்டடம் எங்கே நிற்கிறதோ அங்கே. உன் ஆதார் பொள்ளாச்சியோ பெங்களூரோ, கணக்கில்லை. கொழிஞ்சாம்பாறை சித்தூர் தாலுகா, ஆகவே சித்தூர் முன்சீப் கோர்ட் வளாகத்தில் தாலுகா சட்டப்பணிகள் கமிட்டி எங்கே என்று கேள், காட்டுவார்கள். பாலக்காட்டில் மாவட்ட ஆணையம் இருக்கிறது, அங்கே கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு உரிய இடத்துக்கு அனுப்புவார்கள். லீவு கிடைக்கவில்லை என்றால் சட்ட உதவி எண் 15100க்கு போன் போட்டுக் கேட்கலாம், காசு கிடையாது.


கோபாலபுரத்தான் எழுதியது:

குமாஸ்தா ஐயா பூட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நான் சொல்கிறேன், எங்கள் பெரியப்பா வீட்டில் நடந்தது.

பெரியப்பா பூட்டினார். குடித்தனக்காரர் நேராகக் கோர்ட்டுக்குப் போய்விட்டார். குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, சட்டப்படி இல்லாமல் வெளியே தள்ளப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வீடு யாருக்குச் சொந்தம் என்பதை அந்த வழக்கில் பார்க்கவே மாட்டார்கள். வாடகைப் பாக்கி வைத்தவன் வாதி ஆனான், எங்கள் பெரியப்பா பிரதிவாதி ஆனார். உள்ளே இருந்த டிவியைக் காணோம், பீரோவில் இருந்த நகையைக் காணோம் என்று போலீஸில் ஒரு புகார் வேறு. கடைசியில் பாக்கியையும் விட்டு, கையில் இருந்து கொஞ்சம் கொடுத்து ராசி (சமரசம்) ஆனார்கள்.

கரண்டைப் பிடுங்குவதும் அப்படித்தான். கேரள வாடகைச் சட்டம் 13ஆம் பிரிவில், குடித்தனக்காரர் அனுபவிக்கிற வசதிகளில் வீட்டுக்காரர் கை வைக்கக்கூடாது என்று தனியாகவே இருக்கிறது. உங்கள் அம்மா பில்லைக் கட்டினாரே, மனசு எரியும்தான், ஆனால் அது நல்லதாகப் போயிற்று. அந்த ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், பாக்கியோடு சேர்த்துக் கேட்கலாம்.


தேங்காய்மண்டி எழுதியது:

அப்போ ஏமாத்துறவனுக்குத்தான் சட்டம். நல்லா இருக்கு.


வேலந்தாவளம் அக்கா எழுதியது:

இப்படியே சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காதுங்க அண்ணா. நான் இலவச சட்ட உதவியை வைத்து ஒரு குடித்தனத்தைக் காலி செய்ய வைத்தவள், அதனால் நடைமுறையைச் சொல்கிறேன்.

விண்ணப்பம் ஒரு தாள்தான். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் அங்கே இருக்கிறவர்களே எழுதிக்கொள்வார்கள். பாரா லீகல் வாலண்டியர் (சட்ட உதவித் தன்னார்வலர்) என்று ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், எனக்கு எழுதிக்கொடுத்த பெண் நம்ம பக்கத்து ஊர்தான், தமிழிலேயே பேசினாள். ஆதார், கரம் ரசீது, வீட்டு வரி ரசீது, வாடகை நோட்டின் நகல், கரண்டு பில் இவை போதும். வருமானச் சான்று கேட்டால், பெண்களுக்கு வேண்டாமே என்று தன்மையாகச் சொல்லுங்கள். வருமானக் கணக்கில் வருகிறவர்களாக இருந்தால் வில்லேஜ் ஆபீஸ் சான்றுக்கு அக்ஷயா சென்டரில் (அரசு ஆன்லைன் சேவை மையம்) பதிய வேண்டும்.

அங்கே இரண்டு வழி கேட்பார்கள். ஒன்று, வழக்குக்கு முன்னாலேயே எதிராளியைக் கூப்பிட்டுப் பேசுவது. இன்னொன்று, நேராக வக்கீல் போட்டு வழக்கு. நான் முதல் வழியில் போனேன். நான் எத்தனையோ முறை கூப்பிட்டும் கதவைத் திறக்காத மனுஷன், கோர்ட் முத்திரையோடு ஒரு கடிதம் போனதும் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்! வராமலும் போகலாம், வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, வந்தாலும் அவர் ஒத்துக்கொள்ளாமல் எதையும் திணிக்க முடியாது. ஆனால் ஒத்துக்கொண்டு லோக் அதாலத்தில் (சமரச நீதிமன்றம்) கையெழுத்துப் போட்டுவிட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்பாணை மாதிரி, அதன் மேல் அப்பீல் கிடையாது. கட்டணமும் இல்லை.

ஒன்று மட்டும் கவனம். ராசிப் பத்திரத்தில் "வாடகைப் பாக்கியைக் கொடுத்துவிட்டு விரைவில் காலி செய்வார்" என்று எழுத விடாதீர்கள். விரைவில் என்றால் எந்த விரைவு? சாவியைக் கொடுக்கும் தேதி, பாக்கி மொத்தம் எவ்வளவு, எந்தெந்தத் தேதியில் எவ்வளவு தவணை, கடைசி நாள் மீட்டர் ரீடிங் எடுத்துக் கரண்டு பாக்கியை யார் கட்டுவது, தவணை தவறினால் என்ன என்பது வரை எல்லாம் அந்தத் தாளில் வர வேண்டும். எங்கள் கேஸில் தவறினால் என்ன என்ற வரியை எழுதும்போதுதான் அவர் முகம் மாறியது, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது அதுதான் முக்கியமான வரி என்று. நான் பாக்கியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். வருத்தம்தான், ஆனால் வீடு கைக்கு வந்துவிட்டது, அடுத்த மாதமே வேறு ஆள் வைத்துவிட்டேன்.


குறுக்குக்கேள்வி எழுதியது:

எல்லாரும் இலவச வக்கீல் இலவச வக்கீல் என்கிறீர்கள், அவர்கள் ஒழுங்காக வாதாடுவார்களா? எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் (ஊர் பெயர் வேண்டாம்) போட்டுக்கொடுத்த வக்கீல் வாய்தாவுக்கே வரவில்லை. இன்னொன்று, அந்தக் குடித்தனக்காரரும் ஏழை என்று போய் நின்றால் அவருக்கும் வக்கீல் கொடுத்துவிடுவார்களே, அப்புறம் என்ன லாபம்?


பழைய குமாஸ்தா எழுதியது:

இரண்டும் நியாயமான கேள்வி.

அவருக்கும் கொடுப்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். கம்பெனியில் தொழிலாளி என்றாலோ சம்பளம் வரம்புக்குள் இருந்தாலோ அவருக்கு உரிமை உண்டு, அவர் மனைவி பெயரில் குடித்தனம் என்றால் வருமானமே பார்க்காமல் உண்டு. ஆனால் ஒரே கமிட்டி கொடுத்தாலும் இருவருக்கும் ஒரே வக்கீல் இருக்க மாட்டார். என் அனுபவத்தில் எதிராளிக்கும் ஒரு வக்கீல் இருப்பது வீட்டுக்காரருக்கு நல்லதுதான். வக்கீல் இல்லாத ஆள் வீராப்புப் பேசுவான், வக்கீல் இருந்தால் "தம்பி, இது நிக்காது, தேதி கேட்டு வாங்கிக்கோ" என்று அவரே சொல்லிவிடுவார்.

தரம் என்றால், உண்மையைச் சொல்ல வேண்டும். பேனல் வக்கீலுக்கு, அதாவது கமிட்டியின் பட்டியலில் உள்ள வக்கீலுக்கு, அரசு கொடுக்கும் பீஸ் சொற்பம். நல்ல ஜூனியர்கள் பெயர் வாங்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்து வேலை செய்வதும் உண்டு, பேருக்குப் பேனலில் இருப்பவர்களும் உண்டு. காசு கொடுத்து வைத்த வக்கீல் மட்டும் எல்லா வாய்தாவுக்கும் வந்துவிடுகிறாரா என்ன? வித்தியாசம் என்னவென்றால் இங்கே புகார் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. மாவட்ட ஆணையத்தின் செயலாளர் ஒரு நீதித்துறை அதிகாரி, தாலுகா கமிட்டித் தலைவரும் நீதிபதிதான். வக்கீல் வரவில்லை, மாற்றிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தால் மாற்றுவார்கள். அப்புறம், பேனல் வக்கீல் உங்களிடம் தனியாக ஒரு ரூபாய் கேட்கக்கூடாது. டைப்பிங் செலவு, ஆள் செலவு என்று கேட்டாலும் கமிட்டியில் சொல்லிவிடு. கோர்ட் கட்டணம், சம்மன் கட்டணம், நகல் செலவு, மொழிபெயர்ப்புச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

மொழிபெயர்ப்பு என்றதும் நோட்டு ஞாபகம் வருகிறது. கேரளாவில் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்கிறது. பஞ்சாயத்து, வில்லேஜ் ஆபீஸுக்குத் தமிழில் மனு கொடுக்கக் கூச்சப்பட வேண்டாம். கோர்ட்டில் நடப்பது மலையாளமும் இங்கிலீஷும், அங்கே நோட்டை மொழிபெயர்த்துத்தான் வைக்க வேண்டும். நோட்டு தமிழில் இருப்பதால் செல்லாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே. வாய்ப்பேச்சில் விட்ட வாடகையும் வாடகைதான், கையெழுத்து இருப்பது உங்களுக்கு வரம்.

இப்போது நோட்டீஸ். கேரளக் கட்டட வாடகைச் சட்டம் 1965. அது கேரளாவில் எல்லா ஊருக்கும் தானாகப் பொருந்தாது, அரசு அறிவித்த பகுதிகளுக்குத்தான். உங்கள் வீடு இருக்கிற இடம் அதில் வருகிறதா என்பதை வக்கீல் முதல் நாளே பார்த்துவிடுவார். வந்தால், பாக்கிக்காகக் காலி செய்யக் கேட்க 11ஆம் பிரிவு. அதற்கு முன்னால் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போக வேண்டும். கிடைத்த 15 நாளைக்குள் பாக்கியையும் ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையும் தபால் செலவையும் அவர் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்கு வழக்குப் போட முடியாது. கட்டவில்லை என்றால் வாடகைக் கட்டுப்பாட்டுக் கோர்ட்டில் மனு. நோட்டீஸ் இல்லாமல் போட்ட மனு நிற்காது, நிறையப் பேர் வாட்ஸப்பில் அனுப்பினேன் சார் என்று வந்து நிற்பார்கள்.

வழக்கு நடக்கும்போது 12ஆம் பிரிவு இருக்கிறது, அதை வக்கீலிடம் நீயே ஞாபகப்படுத்து. குடித்தனக்காரர் தான் ஒத்துக்கொள்ளும் பாக்கியைக் கட்டி, மாதாமாதம் வருவதையும் கட்டிக்கொண்டு வந்தால்தான் எதிர்த்து வாதாட முடியும். கட்டவில்லை, போதிய காரணமும் இல்லை என்றால் மேற்கொண்டு விசாரணையை நிறுத்திவிட்டு வீட்டை ஒப்படைக்கச் சொல்லிவிடலாம். பல வழக்குகள் இந்த இடத்தில்தான் முடிகின்றன. அதேபோல உத்தரவு வந்த பிறகும் ஒரு மாதத்துக்குள் பாக்கி, வட்டி, செலவு எல்லாம் கட்டினால் பாக்கிக்காக வந்த உத்தரவு ரத்தாகிவிடும், அதையும் தெரிந்து வைத்துக்கொள். பணம் வந்தால் போதுமா, வீடும் வேண்டுமா என்று அம்மாவிடம் முதலிலேயே கேட்டுவிடு. சொந்த உபயோகத்துக்கு வீடு வேண்டும் என்பது நிஜமாக இருந்தால் அதே 11ஆம் பிரிவில் அது தனிக் காரணம், பொய்யாகச் சேர்க்காதே, குறுக்கு விசாரணையில் அம்மா தடுமாறுவார்.

அந்தச் சட்டம் பொருந்தாத இடமாக இருந்தால் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 106ஆம் பிரிவு. மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் கொடுத்துக் குடித்தனத்தை முடித்துவிட்டு முன்சீப் கோர்ட்டில் சாதாரண சிவில் வழக்கு. இலவச வக்கீல் இதற்கும் உண்டு. வாடகைப் பாக்கியை மூன்று வருஷத்துக்குள் கேட்க வேண்டும், அதற்கு மேல் பழைய பாக்கி காலாவதி.


குறுக்குக்கேள்வி எழுதியது:

சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். இதே பிரச்சினை எல்லைக்கு இந்தப் பக்கம், எங்கள் பொள்ளாச்சியில் இருந்தால்? தமிழ்நாட்டில் எல்லா வாடகையும் பதிய வேண்டும் என்கிறார்களே.


கோபாலபுரத்தான் எழுதியது:

தமிழ்நாட்டுப் பக்கம் சட்டமே வேறு. பழைய 1960ஆம் வருஷ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017இல் புதுச் சட்டம் போட்டார்கள், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறை, நகர்ப்புறங்களுக்கு. எழுத்தில் ஒப்பந்தம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது, இரண்டு மாதம் பாக்கி இருந்தால் காலி செய்யக் கேட்கலாம் என்று அதன் போக்கு. வழக்கு வாடகை நீதிமன்றத்துக்குப் போகும். ஒரு கிலோமீட்டர் நடந்தால் சட்டம் மாறிவிடுகிறது, அதனால் பொள்ளாச்சியில் நண்பர் சொன்னார் என்று வரியைத் தூக்கிக்கொண்டு சித்தூருக்குப் போகாதீர்கள், இங்கிருந்து அங்கேயும் போகாதீர்கள். சட்ட உதவி மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.


மில்லுக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குறிப்பாகக் குமாஸ்தா ஐயாவுக்கும் வேலந்தாவளம் அக்காவுக்கும். அம்மாவிடம் கேட்டேன். "பாக்கி வராட்டிப் போகுது, ஆளு போனாச் சரி, நம்ம வீட்டுக் கொல்லையில துணி காயப்போடவே பயமா இருக்கு" என்கிறார். அதனால் அக்கா சொன்னபடி முதலில் கூப்பிட்டுப் பேசுகிற வழி, அவர் வரவில்லை என்றால் நோட்டீஸ், வழக்கு என்று முடிவு செய்திருக்கிறோம். மாமாவிடமும் சொல்லிவிட்டேன், கொஞ்சம் கோபம்.

இரண்டு சந்தேகம். அம்மாவுக்கு முட்டி வலி, பஸ் ஏற முடியாது. நான் மட்டும் போய் விண்ணப்பம் கொடுத்தால் வாங்குவார்களா, பவர் பத்திரம் ஏதாவது எழுத வேண்டுமா? அப்புறம் இப்போது அவர் திடீரென்று ஒரு மாத வாடகையை மட்டும் ஜிபேயில் போட்டால் வாங்கலாமா, வாங்கினால் கேஸ் போய்விடுமா?


பழைய குமாஸ்தா எழுதியது:

பவர் எல்லாம் இப்போது வேண்டாம். விண்ணப்பத்திலும் வக்காலத்திலும் அம்மா கையெழுத்துத்தான் இருக்க வேண்டும், கொண்டுபோய்க் கொடுக்கிறவன் நீயாக இருக்கலாம். நடக்க முடியாத ஆள் என்று சொல்லி வாலண்டியரை வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளச் சொல்லிக் கேள், தாலுகா கமிட்டிகளில் அப்படிப் போய் எழுதிக்கொண்டு வருவது உண்டு. பேச்சுவார்த்தை நாளிலும் சாட்சி சொல்கிற நாளிலும் அம்மா வந்தால்தான் நல்லது, அன்றைக்கு ஒரு ஆட்டோ வைத்துக்கொள். நீ எவ்வளவு பேசினாலும் எதிராளி "எனக்கு வாடகைக்கு விட்டது அந்தம்மா, இவர் யாரு" என்பான்.

பணம் வந்தால் வாங்கிக்கொள். எந்த மாதத்துக்கான வாடகை என்று அவர் எழுதாவிட்டால், "இன்ன மாதப் பாக்கியில் வரவு, மீதி இவ்வளவு நிலுவை" என்று உடனே ஒரு பதில் மெசேஜ் போட்டு வை, நோட்டிலும் அதே தேதியில் எழுதச் சொல். அவர் போட்ட பணத்தைக் கழித்து மீதிக்குத்தான் நோட்டீஸ் போக வேண்டும், தொகையைக் கூட்டி எழுதினால் அதை வைத்தே எதிர்த்தரப்பு ஆடும். நோட்டீஸ் ஏற்கெனவே போய்விட்டது என்றால் வருகிற பணத்தைப் பற்றி வக்கீலிடம் சொல்லிவிட்டு வாங்கு.

நோட்டின் நகலை மட்டும் கொடு தம்பி. ஒரிஜினல் கோர்ட்டில் வைக்கிற நாள் வரை அம்மா பீரோவிலேயே இருக்கட்டும், கமிட்டியில் கேட்டாலும் காட்டிவிட்டுக் கையோடு திரும்பி வாங்கி வந்துவிடு.


வேலந்தாவளம் அக்கா எழுதியது:

காலையில் சீக்கிரம் போய்விடுங்க தம்பி. கோர்ட் ஆரம்பித்துவிட்டால் வக்கீல்கள் எல்லாம் உள்ளே போய்விடுவார்கள், கமிட்டியிலும் கூட்டம் சேர்ந்துவிடும். நகல் எடுக்கிற வேலையைக் கொழிஞ்சாம்பாறையிலேயே முடித்துக்கொண்டு போங்க.